இரண்டாம் பாகம் யாருக்குச் சொந்தம்?

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், பாதியில் நின்றுபோயிருந்த ஒரு நாவலை எப்படியாவது முடித்துவிடுவது என்ற சங்கல்பத்தோடு கொடைக்கானலுக்குப் போனேன். அந்த வருஷம் மே மாதம் 7ஆம் தேதி முதல், வெளியூரிலிருந்து வண்டியில் மலையேறுகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்று ஐகோர்ட் உத்தரவு. நண்பரின் காருக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. நாவலின் கடைசி அத்தியாயத்துக்குத்தான் யாரிடம் பாஸ் வாங்குவதென்று தெரியவில்லை.

நாயுடுபுரத்தில் ஒரு வீட்டின் மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் பூம்பாறை. இன்றும் அங்கே பூண்டுக் காடு இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மலைப் பூண்டைப் புகைபோட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மாடி வரைக்கும் அதன் வாசனை. மாமியார் ஒருவர், மருமகள்கள் இரண்டு பேர். ஆண்கள் காட்டுக்கும் கடைக்குமாகப் போய்விடுவார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழையும் மூடுபனியுமாக இருந்தது. கரண்டு போய்விட்டது. வெந்நீர் கேட்கக் கீழே இறங்கினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று பெண்களும் உட்கார்ந்து பூண்டை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீங்க கதை எழுதுறவராமே? 'எதிர்நீச்சல்' திரும்ப வருமாம்ல. நெசந்தானா?" என்றார்.

கதை எழுதுகிறவன் என்றால் நாட்டில் உள்ள அத்தனை கதைகளின் வரவு செலவும் அவனிடம் பதிவாகியிருக்கும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. எனக்குத் தேதி ஒன்றும் தெரியாது என்றேன். அந்த அம்மாளின் முகத்தில் என்னைப் பற்றிய மதிப்பு இரண்டு படி இறங்கிவிட்டதைக் கவனித்தேன். "வந்தா நல்லாருக்கும் சார்" என்றாள் இளைய மருமகள், கையிலிருந்த பூண்டைப் பார்த்தபடியே. அந்த மூன்று வார்த்தையில் இருந்த ஆவல் என்னை யோசிக்க வைத்தது. என் நாவல் முடியுமா என்று என்னை அப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

அந்தத் தொடரைப் பாராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி, 2024 ஜூன் 8ஆம் தேதி முடிந்தது. 700க்கு மேற்பட்ட இரவுகள் ஓடிய கதை. மதுரையில் ஒரு பெரிய வீடு. ஆதி குணசேகரன் என்ற மூத்தவர் வைத்ததே அங்கே சட்டம். தம்பிகள் மூன்று பேர். ஈசுவரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு மருமகள்கள். எல்லோரும் படித்தவர்கள் அல்லது கைத்தொழில் தெரிந்தவர்கள். எல்லோரும் அடுப்படியில் கிடக்கிறவர்கள். சமைத்து விற்றுச் சம்பாதிக்க வேண்டும் என்பது நந்தினியின் ஆசை. நாட்டியம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ரேணுகாவின் ஆசை. வீட்டில் பட்டம்மாள் என்று ஓர் அப்பத்தா இருந்தார். அவருக்குச் சொத்தில் நாற்பது சதவிகிதப் பங்கு உண்டு என்ற விஷயம் வெளியே வந்தபோது வீடே கிடுகிடுத்தது.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து காலமானார். கொடுமைக்காரராக நடித்த ஒருவருக்காக, அந்தக் கொடுமையைக் கண்டு தினமும் சபித்துக்கொண்டிருந்த பெண்களே கண்ணீர் விட்டார்கள். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார். கதை நடந்தது, முடிந்தது. முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். ஆனால் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

தொலைக்காட்சித் தொடர் என்றாலே முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. "அதையெல்லாம் போய் நீ எழுதலாமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி தம் வார இதழில் 'பொன்னியின் செல்வன்' எழுதிக்கொண்டிருந்தபோது, பத்திரிகைக்காகக் காத்துக் கிடந்தவர்களையும் இப்படித்தான் பரிகசித்தார்கள். தொடர்கதை படிப்பது பொழுதுபோகாதவர்களின் வேலை என்றார்கள். கதை முடிந்ததும் வாசகர்கள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். வந்தியத்தேவன் என்ன ஆனான்? குந்தவை என்ன ஆனாள்? கல்கி தாம் எழுதிய முடிவுரையிலேயே அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லவேண்டி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். கேள்விகள் மறையவில்லை. பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதியதற்கு அந்தக் கேள்விகளே காரணம். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்தபோது பிறந்த குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்த பெற்றோர்கள் இருந்தார்கள். கதை மனிதர்களை உறவு மனிதர்களாக எண்ணுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. உறவு என்று ஆகிவிட்டால், "என்ன ஆனார்கள்?" என்று விசாரிக்காமல் இருக்க முடியுமா?

ஆகவே காத்திருப்பதில் தவறு இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. அங்கேதான் எனக்கு ஒரு பயம்.

குடும்பக் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறவனுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் பாகத்தில் கதாநாயகி பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்து கரையேறியிருப்பாள். கரையில் இருக்கிறவளை வைத்துக் கதை நடத்த முடியாது. ஆகவே அவளை மறுபடி தண்ணீரில் தள்ள வேண்டும். வென்றதைப் பறித்தால்தான் கதை தொடங்கும் என்று எழுதுகிறவன் நினைத்துவிடுகிறான். சிறையிலிருந்து வில்லன் வருவான். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு வில்லி வருவாள். சம்பாதித்த பணம் ஒரே இரவில் போகும். பெண்கள் பழைய அடுப்படிக்கே திரும்புவார்கள். முந்தின 700 இரவுகள் என்னத்துக்கு என்று கேட்கிறவர் யார்?

இந்தப் பள்ளத்தைத் தாண்ட நம்மவர்கள் செய்த இரண்டு தந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, ஆளை வைத்துக்கொண்டு வீட்டை மாற்றுவது. 1999 டிசம்பரில் தொடங்கித் தமிழ்நாட்டையே இரவில் வீட்டோடு கட்டிப்போட்ட 'சித்தி'க்கு, 2020 ஜனவரியில் 'சித்தி 2' வந்தது. ராதிகா வந்தார், பழைய வீடு வரவில்லை. பாதி வழியில் ராதிகாவும் விலகிக்கொண்ட பிறகு, பெயர் மட்டும் எஞ்சியது. மற்றொன்று, பெயர்ப் பலகையை வைத்துக்கொண்டு குடும்பத்தை மாற்றுவது. 2018 முதல் 2023 வரை ஓடிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' அண்ணன் தம்பிகளின் கதை. அது முடிந்த கையோடு தொடங்கிய இரண்டாவது, அப்பாவும் பிள்ளைகளுமான வேறொரு குடும்பத்தின் கதை. மூத்த அண்ணனாக நடித்த அதே ஸ்டாலின் இதில் தகப்பனாக வந்தார். இது ஒருவகையில் நேர்மையான காரியம். பழைய மனிதர்களைக் கெடுக்கவில்லை. ஆனால் பழைய மனிதர்களைப் பற்றி விசாரித்தவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. கடை திறந்திருக்கிறது, நாம் தேடிப்போன முதலாளி இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. சீனத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் சாவ் ஷுவேசின் என்பவர் 'சிவப்பு மாளிகைக் கனவு' என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு பெரிய குடும்பம் செல்வத்திலிருந்து சரிந்து விழும் கதை. அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளில் நிலைத்தவை 80 அத்தியாயங்கள். 1791இல் அச்சேறியபோது அது 120 அத்தியாயங்களாக இருந்தது. பின் நாற்பது யாருடையவை என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அதோடு நின்றதா? நோயிலும் ஏக்கத்திலும் மாண்டுபோன லின் தாய்யூ என்ற பெண்ணைச் சகிக்க முடியாத வாசகர்களுக்காக, ஒருவர் மாற்றி ஒருவர் தொடர்ச்சிகள் எழுதி, அவளை உயிர்ப்பித்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஆசை நிறைவேறியது. ஆனால் உலகம் மனத்தில் வைத்துக்கொண்டது பழைய நாவலைத்தான். உயிர்ப்பித்த தாய்யூவை அல்ல. கேட்டதையெல்லாம் கொடுக்கிற இரண்டாம் பாகமும், வென்றதையெல்லாம் பறிக்கிற இரண்டாம் பாகமும் ஒரே மரத்துக் காய்கள்தாம். இரண்டும் முதல் பாகத்தில் நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடுகின்றன.

அப்படியானால் நல்ல இரண்டாம் பாகம் என்று ஒன்று உண்டா? வெளியே தேட வேண்டியதில்லை. நம்மிடமே இரண்டு இருக்கின்றன.

கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு அப்பால் உள்ள உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வது மரபு. கடலைத் தூர்த்து, இலங்கையை அழித்து மீட்டுவந்த சீதையை அங்கே மறுபடி காட்டுக்கு அனுப்புகிறார்கள். வென்றதைப் பறிப்பதுதான், ஆனால் இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புதிதாக ஒரு ராவணன் வரவில்லை. முதல் கதையிலேயே, மீட்ட மறுகணமே அவளைத் தீயில் இறங்க வைத்தார்களே, அந்தச் சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்குள்ளேயே தீராமல் கிடந்த கணக்கு அது. இரண்டாம் பாகத்தின் துன்பம் அதிலிருந்து முளைக்கிறது. அதனால்தான் அதைப் படிக்கிறவனுக்குக் கோபம் வருகிறதே தவிர, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வருவதில்லை.

இதைவிட எனக்குப் பிரியமானது மற்றொன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வழக்கு தீர்ந்துவிட்டது. மதுரை எரிந்தது, அவள் தெய்வமானாள். அதற்குமேல் அவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் புகாரில் ஒரு வீட்டில் மாதவி இருக்கிறாள். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. முதல் கதை அவர்களுக்குப் பதில் சொல்லவே இல்லை. சீத்தலைச் சாத்தனார் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டார். பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு வா என்கிறாள். ராஜகுமாரன் உதயகுமாரன் தேரோடு துரத்துகிறான். மணிமேகலை இரண்டையும் மறுத்துப் பிச்சைப் பாத்திரத்தைக் கையில் எடுக்கிறாள். கைதிகள் கிடந்த சிறையை அறச்சாலையாக மாற்றச் செய்கிறாள். தாய் பட்ட பாடு மகளுக்கு ஒரு வழியாக மாறியிருக்கிறது. பின்னால் வஞ்சியில் கண்ணகியின் கோயிலுக்கும் அவள் போய் நிற்கிறாள். முதல் பாகம் அங்கே தெய்வமாக இருக்கிறது. இரண்டாம் பாகம் அதன் முன் கைகூப்பி நின்றுவிட்டுத் தன் வழியே போகிறது.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் கதாநாயகிக்குச் சொந்தம் அல்ல. முதல் பாகம் யாரைக் காத்திருக்க வைத்ததோ அவளுக்குச் சொந்தம். என் கட்சி இதுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 'எதிர்நீச்சல்' வீட்டைப் பாருங்கள். குணசேகரன் மறுபடி எப்படிக் கர்ஜிப்பார் என்பது எனக்கு முக்கியம் இல்லை. அவர் கர்ஜித்து முடித்தாயிற்று. அந்தப் பெண்கள் ஜெயித்தார்களா என்பதும் அவ்வளவு முக்கியம் இல்லை. ஜெயித்தார்கள் என்று சொல்வது எழுதுகிறவனுக்கு ஒரு வரி. மறுநாள் காலையில் அடுப்பை யார் மூட்டினார்கள்? நந்தினி விற்ற பணம் யார் கையில் இருந்தது? ரேணுகா நாட்டியம் சொல்லிக் கொடுக்கப் போன சாயங்காலத்தில் வீட்டு வேலையை யார் பார்த்தார்கள்? அப்பத்தாவின் பங்கு கடைசியில் யார் பெயரில் நின்றது? தகப்பன் வீட்டுப் பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. மாமனார் வீட்டில் இருபது வருஷம் உழைத்தாலும், அந்த உழைப்பு மருமகளுக்குச் சொத்தில் பங்கு தருவதில்லை. இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒரு நூறு இரவு கதை சொல்லலாம், வில்லனே வேண்டாம். ஈசுவரியின் மகள் தர்ஷினி, அம்மாவையும் சித்திகளையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், என்ன கற்றுக்கொண்டாள் என்று சொல்லலாம். அந்த வீட்டு மணிமேகலை அவள்தானே?

இதையெல்லாம் மேலே மாடியில் உட்கார்ந்து யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்க வைத்தவள் அந்த இளைய மருமகள். மறுநாள் காலை வெந்நீர் கொண்டுவந்தவளிடம், "தொடர் திரும்ப வந்தால் முதலில் எதைப் பார்க்க ஆசை?" என்று கேட்டேன். சண்டையைச் சொல்வாள், பழிவாங்குவதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நந்தினிக்குக் கடை நல்லா ஓடுதான்னு பாக்கணும் சார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஓடுனா, கல்லாவுல யாரு உக்காந்திருக்காங்கன்னும் பாக்கணும்" என்றாள்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. கொடைக்கானல் கடைத்தெருவில் வீட்டுத் தயாரிப்பு என்று எழுதி விற்கிற சாக்லேட்டில் ஒரு பங்கு இந்த வீட்டு அடுப்படியிலிருந்து போகிறது. கிண்டுவதும் வார்ப்பதும் ஜிகினாத் தாளில் சுற்றுவதும் இவள். கடையில் கொண்டு கொடுப்பதும் பணம் வாங்குவதும் வீட்டுக்காரர். கணக்கு இவளுக்குத் தெரியாது. கேட்டால் சண்டை வராது, ஆனால் கேட்டதில்லை. "அந்த வீட்ல கேட்டாங்கன்னா, நானும் கேட்டுப் பாக்கலாம்னு ஒரு இது சார்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

என் நண்பர்களான விமர்சகர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். பொழுதுபோக்கு, மலிவு ரசனை என்று நாம் தள்ளிவைத்த ஒரு தொடரில், ஒருத்தி தான் இன்னும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியைப் போட்டு வைத்திருக்கிறாள். அதற்குப் பதில் வருமா என்று ஆறு மாதமாகக் காத்திருக்கிறாள். அந்தக் கதையை எழுதுகிறவர்களுக்கு இது தெரியுமா? தெரிந்தால் பேனா சற்று நடுங்கும். நடுங்கினால் நல்லது.

கிளம்புகிற அன்று வெயில் அடித்தது. மாமியார் என்னைக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்விட்டுப் போகச் சொன்னார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன்தான். இந்த மலையில் கோபுரம் எழுப்பித் தென் ஜில்லாக்களுக்கெல்லாம் படம் அனுப்பிய காலம். அப்போதெல்லாம் நாடகம் பதின்மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்றார். "இப்ப எதுவும் முடியறதில்ல. முடிஞ்சாலும் திரும்ப வந்துருது."

"குறிஞ்சிகூடத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது" என்றேன். 2018இல் பூத்தது; அடுத்தது 2030.

அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "அது திரும்ப வர்றதில்ல தம்பி. பூத்த செடி பூத்ததோட பட்டுப்போயிரும். அது போட்ட வெதை முளைச்சு, பன்னெண்டு வருசம் வளந்து, அதுதான் பூக்கும். அம்மா வேற, மக வேற" என்றார்.

நான் நான்கு பக்கம் எழுதிச் சொல்ல நினைத்ததை, பூண்டு பிரிக்கிற ஒரு அம்மாள் வாசற்படியில் நின்று சொல்லி முடித்துவிட்டார். மலையிறங்கும் வழி நெடுகக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

2024 டிசம்பர் 23ஆம் தேதி 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் அந்தக் கதை திரும்பத் தொடங்கியது. ஜனனி வேஷத்தில் மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்திருந்தார். அது நான் சொன்ன அளவுகோலுக்கு எவ்வளவு தூரம் நின்றது என்பதைப் பார்த்தவர்கள் தீர்மானிக்கட்டும். இந்தக் கட்டுரை காத்திருந்தவர்களைப் பற்றியது. அன்று இரவு ஒன்பதரை மணிக்கு நான் சமவெளியில், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நாடகத்தைவிட, நாயுடுபுரத்து வீட்டில் அப்போது கரண்டு இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

என் நாவல் இன்னும் முடியவில்லை. ஆனால் அதை யாரிடமிருந்து தொடர வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. இருபது அத்தியாயங்களாக அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு நான் மறந்துபோன ஒரு பெண் அதில் இருக்கிறாள்.